நக்கவாரத்துச் சைக்கிள் வீராங்கனை

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே உள்ள தூரம் ஏறக்குறைய 11 கிலோமீட்டர். மேற்கே மலைத்தொடர் வழி நெடுகக் கூடவே வரும். விடியற்காலையில் இந்தச் சாலையோரம் சற்று நேரம் நின்றால், சைக்கிளின் ஆயுள் நம் நாட்டில் இன்னும் முடிந்துவிடவில்லை என்று மனத்துக்கு ஆறுதல் உண்டாகிறது. இருபுறமும் பால் கேன்களைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒருவர் போகிறார். மில்லில் இரவு வேலை முடித்தவர்கள் தூக்கக் கலக்கத்தோடு மெல்ல மிதித்து வருகிறார்கள். பள்ளிக்கூட நேரம் நெருங்க நெருங்கச் சாலை மாணவிகளுடையதாகிவிடுகிறது. சர்க்கார் இலவசமாகக் கொடுத்த சைக்கிள்களில், இரட்டைப் பின்னலும் முதுகில் புத்தக மூட்டையுமாக, மூவர் நால்வராகச் சேர்ந்து பேசிக்கொண்டே போகிறார்கள். பின்னால் பஸ்காரர் ஹாரனை அழுத்துவதை அவர்கள் பெரிதாக மதிப்பதாகத் தெரியவில்லை!

இந்தப் பெண் குழந்தைகளைக் காணும்போதெல்லாம் நமக்கு ஒரு பெயர் நினைவுக்கு வருகிறது. டெபோரா ஹெரால்ட் என்பது அந்தப் பெயர். கிரிக்கெட் ஆட்டக்காரர்களின் பெயர்களைப் பாட்டன் பெயர் முதல் ஒப்பிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேர் இதைக் கேட்டிருப்பார்கள்? ஆனாலும் சைக்கிள் பந்தயத்தில் உலகத்தின் முதல் நால்வரில் ஒருவராக ஒரு சமயம் எண்ணப்பட்டவர் இந்தப் பாரத நாட்டுப் பெண்மணி.

குமாரி டெபோரா 1995-ஆம் ஆண்டில் பிறந்தவர். ஊர், நிக்கோபார் தீவுகள். சோழர் கல்வெட்டுக்கள் 'நக்கவாரம்' என்று குறிப்பிடுவது இந்தத் தீவுக் கூட்டத்தையே. ராஜேந்திர சோழனின் கப்பல்கள் ஸ்ரீவிஜயத்தை நோக்கிப் போன வழியில் இருக்கிறது. அந்தமானின் தலைநகரான போர்ட் பிளேருக்கு 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீவிஜயபுரம் என்று பெயர் சூட்டியிருப்பதை நேயர்கள் அறிவார்கள். வென்ற சோழனை விட்டுவிட்டுத் தோற்ற ராஜ்யத்தின் பெயரை வைத்த விசித்திரத்தைச் சரித்திர ஆசிரியர்களிடமே விட்டுவிடுவோம். அந்த நகரத்துக்குத் தெற்கே கடலில் வெகு தூரம் சென்றால் கார் நிக்கோபார் வரும். மலையோ மேடோ இல்லாத தட்டைத் தீவு. பரப்பு 127 சதுர கிலோமீட்டர்தான். தென்னையும் தாழையும் அங்குள்ளோருக்குச் சோறு போடும் மரங்கள்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி காலையில், சுமத்ராவுக்கு அருகே கடலடியில் பூமி அதிர்ந்தது. நம் நாகப்பட்டினத்தையும் கடலூரையும் கன்னியாகுமரிக் கரையையும் தாக்கிய அதே பேரலை, அதற்கு வெகு முன்பே கார் நிக்கோபாரை எட்டிவிட்டது. கரையோரக் கிராமங்கள் அடியோடு போயின. தீவில் இருந்த விமானப்படைத் தளமும் போயிற்று. டெபோராவுக்கு அப்போது வயது ஒன்பது. அலையில் அகப்பட்ட சிறுமி ஒரு மரத்தைப் பற்றிக்கொண்டு ஏறினாள். ஐந்து நாட்கள் அந்த மரமே அவளுக்கு வீடு. இலையும் மரப்பட்டையுமே ஆகாரம். பின்னாளில் பத்திரிகைக்காரர்கள் கேட்டபோதெல்லாம் அவர் இதைப் பற்றிச் சொன்னது மிகவும் கொஞ்சம். நாமும் அதற்கு மேல் கற்பனை செய்து எழுத விரும்பவில்லை. ஒரு விஷயம் மட்டும் சொல்ல வேண்டும். டெபோராவைப் பற்றி எழுதும் எல்லோரும் அந்த மரத்திலேயே நின்றுவிடுகிறார்கள். பிறகு அவர் செய்தது என்ன என்பதை விளக்குவதற்கு இடமில்லாமல் போகிறது. அந்த மரத்திலிருந்து இறங்கி வருவதே நம் கட்டுரையின் வேலை.

தமிழ் நாட்டுக்குச் சைக்கிள் வித்தை புதிதல்ல. கோயில் திருவிழா முடிந்த மைதானத்தில் ஒலிபெருக்கி அலற, ஒருவர் ஒரு வாரம் வரையில் இரவு பகலாகச் சைக்கிளை விட்டு இறங்காமல் வட்டமிடுவதைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். குளிப்பது, உண்பது, உடை மாற்றுவது யாவும் சைக்கிளின் மேலேயே! ஜனங்கள் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்திவிட்டுப் போவார்கள். அவரும் வட்டமாகத்தான் ஓட்டினார். டெபோராவும் வட்டமாகத்தான் ஓட்டினார். ஆனால், முன்னவருக்கு ஏழு நாள் வேலை. பின்னவருக்கு வேலை ஏறக்குறைய முப்பத்தைந்து விநாடியில் தீர்ந்துவிடும்.

அந்த முப்பத்தைந்து விநாடியைப் புரிந்துகொள்வதற்கு முதலில் அந்த வண்டியையும் பாதையையும் அறிய வேண்டும். பந்தய ஓடுதளம் 250 மீட்டர் சுற்றளவுள்ள மரப்பலகைக் கிண்ணம் என்று வைத்துக்கொள்ளலாம். வளைவுகளில் அது நாற்பது பாகைக்கு மேல் சாய்ந்து நிற்கிறது. முதல் முறையாகப் பார்ப்பவர்களுக்கு, இதில் நிற்கவே முடியாதே, எப்படி ஓட்டுவார்கள் என்றுதான் தோன்றும். வேகம்தான் அங்கே பிடிமானம். மெதுவாகப் போகிறவன் சறுக்கி விழுவான். வண்டியின் எடை ஏழு கிலோவை ஒட்டியிருக்கும். அதற்குப் பிரேக் கிடையாது. நம் சைக்கிளில் காலை நிறுத்தினாலும் சக்கரம் தானே உருளும் அல்லவா? அந்த வசதியும் கிடையாது. பின்சக்கரம் சுழலும் வரையில் மிதிகட்டையும் சுழன்றே தீரும், காலுக்கு ஓய்வில்லை. கால் எவ்வளவோ, வேகமும் அவ்வளவே. வண்டி எந்தச் சலுகையும் தராது.

டெபோராவின் பந்தயம் 500 மீட்டர் நேரப் போட்டி. எதிராளி என்று பக்கத்தில் யாரும் இல்லை. பின்சக்கரத்தை ஓர் இயந்திரம் கவ்விப் பிடித்திருக்கும். கடிகாரம் எண்ணி முடித்ததும் அது பிடியை விடும். நின்ற இடத்திலிருந்து எழுந்து, இரண்டே சுற்று. முதல் அரைச் சுற்றில், அசைய மறுக்கும் கனமான பல்சக்கரத்தை உடல் முழுவதையும் கொண்டு மிதித்துத் திருப்ப வேண்டும். கடைசி அரைச் சுற்றில் தொடையில் நெருப்பு வைத்தாற்போல் எரியும். அப்போதுதான் சற்றும் தளரக் கூடாது. 2004-ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவின் அன்னா மியர்ஸ் இந்தத் தூரத்தை 33.952 விநாடியில் கடந்து தங்கம் பெற்றார். மணிக்கு 53 கிலோமீட்டர் வேகம். அதுவும் நின்ற நிலையிலிருந்து!

தீவில் விளையாட்டுப் பயிற்சியாளர்களின் கண்ணில் பட்ட டெபோரா, பிறகு டில்லிக்குச் சென்றார். 2010-ஆம் ஆண்டுக் காமன்வெல்த் விளையாட்டுக்காக அங்கே இந்திரா காந்தி விளையாட்டு வளாகத்தில் கூரையுடன் கூடிய மர ஓடுதளம் ஒன்றை நிர்மாணித்திருந்தார்கள். அந்த விளையாட்டு விழாவைச் சுற்றி எழுந்த புகார்களும் வழக்குகளும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அதில் விளைந்த நன்மைகளில் ஒன்றாக நாம் இந்த ஓடுதளத்தைத் தயங்காமல் குறிப்பிடுவோம். பல நாட்டில் விழா முடிந்ததும் இப்படிப்பட்ட கட்டிடங்களில் புறா கூடு கட்டும். இங்கேயோ தேசியப் பயிற்சிக் கழகம் ஏற்பட்டது. அந்தமானிலிருந்தும் மணிப்பூரிலிருந்தும் கேரளத்திலிருந்தும் சிறுவர் சிறுமியர் வந்து தங்கினார்கள். டெபோரா டில்லியில் நடந்த ஆசியக் கோப்பைப் பந்தயங்களிலும், பிறகு தைவானிலும் பதக்கங்கள் வென்றார். 2015-ஆம் ஆண்டு டிசம்பரில், சர்வதேச சைக்கிள் சங்கத்தின் 500 மீட்டர் தர வரிசையில் அவர் பெயர் நான்காவது இடத்தில் அச்சாயிற்று.

தர வரிசை என்பது ஒரு பருவத்தில் கலந்துகொண்ட பந்தயங்களில் சேர்த்த புள்ளிகளின் கணக்கு. நான்காவது என்றால், உலகில் மூன்றே பேர்தான் அவரைவிட வேகமானவர்கள் என்று அர்த்தமாகாது. இதை மறைத்து எழுதினால் அது வீராங்கனைக்குச் செய்யும் மரியாதை ஆகாது. ஆயினும், 1964-ஆம் ஆண்டு டோக்கியோவுக்குப் பிறகு ஒலிம்பிக் சைக்கிள் பந்தயத்தில் ஓர் ஆள்கூட இறங்காத தேசத்திலிருந்து, இருபது வயதுப் பெண் ஒருவர் அந்தப் பட்டியலின் உச்சிக்கு அருகே போய் நின்றார். அது எந்தக் கணக்கிலும் சிறிய காரியமல்ல.

இங்கேதான் விதியின் விளையாட்டு ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. டெபோரா உலக வரிசையில் நான்காவதாக நின்ற அந்தப் பந்தயம் அப்போது ஒலிம்பிக்கில் இல்லை! பெண்களுக்கான 500 மீட்டர் நேரப் போட்டி 2000-ஆம் ஆண்டு சிட்னியிலும் 2004-ஆம் ஆண்டு ஏதென்ஸிலும் ஆக இரண்டு முறைதான் நடந்தது. ஆண்களுக்கான 1000 மீட்டர் நேரப் போட்டியோ 1928 முதல் நடந்து வந்தது. வேறொரு வகைச் சைக்கிள் பந்தயத்துக்கு இடம் வேண்டும் என்று, 2008-ஆம் ஆண்டு பீஜிங் முதல் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். ஏதென்ஸில் அந்தப் பந்தயம் கடைசியாக நடந்தது ஆகஸ்டு மாதம். கார் நிக்கோபாரில் ஒன்பது வயதுச் சிறுமி மரத்தின் மேல் இருந்தது அதே வருஷம் டிசம்பர் மாதம். சைக்கிள் பந்தயம் என்று ஒன்று இருப்பதை அவள் அறிவதற்கு முன்பே அவளுடைய கதவு சாத்தப்பட்டுவிட்டது.

இது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை, உலகின் மறுகோடியிலுள்ள இன்னொரு தீவைப் பார்த்தால் விளங்கும். மேற்கிந்தியத் தீவுகளில் ஜமைக்கா என்றால் ஓட்டக்காரர்கள் நினைவுக்கு வருவார்கள். அந்த நாடு ஒலிம்பிக்கில் பெற்ற பதக்கங்கள் யாவும் தடகளத்தில் வந்தவை. ஒன்றே ஒன்று தவிர. 1980-ஆம் ஆண்டு மாஸ்கோவில், டேவிட் வெல்லர் என்னும் சைக்கிள் வீரர் 1000 மீட்டரை ஒரு நிமிஷம் 5.241 விநாடியில் ஓட்டி வெண்கலம் பெற்றார். முதலில் வந்தவர் கிழக்கு ஜெர்மனியின் லோத்தர் தோம்ஸ். இரண்டாவது சோவியத் நாட்டின் பான்ஃபிலோவ். தொழிற்சாலைபோல் வீரர்களை உருவாக்கிய இரண்டு தேசங்களுக்கு அடுத்த படியில் ஜமைக்காக்காரர் ஒருவர் நின்றார். நேரப் போட்டியின் அழகே இதுதான். குழு வேண்டாம், துணைக்கு ஆள் வேண்டாம். ஒரு சிறிய தீவு ஒரே ஒரு மனிதனை அனுப்பினால் போதும். கடிகாரத்துக்குப் பெரிய தேசம், சின்னத் தேசம் என்ற பேதம் தெரியாது.

ஜமைக்காவுக்குத் தென்கிழக்கே, நம் நாட்டவரைக் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கப்பலேற்றிக் கொண்டுபோய் இறக்கிய டிரினிடாடிலும் இந்தக் கதை தொடர்கிறது. 2019-ஆம் ஆண்டு செப்டம்பரில், பொலிவியாவின் கோச்சபாம்பா நகரத்தில், டிரினிடாடின் நிக்கோலஸ் பால் 200 மீட்டரை 9.100 விநாடியில் பறந்து கடந்தார். உலக சாதனை. மணிக்கு 79 கிலோமீட்டர் என்று கணக்கு வருகிறது. கடல் மட்டத்திலிருந்து வெகு உயரத்தில் உள்ள ஊராதலால் அங்கே காற்று மெலிது, அதுவும் உதவியிருக்கும். இருந்தாலும், 2024-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் வரையில் அந்தச் சாதனை அசையவில்லை. அந்த வேகத்தை நீடித்துக் காப்பது மனிதனால் ஆகாது. ஒரு பேச்சுக்குச் சொல்கிறோம்: முடியுமானால் ராஜபாளையத்தில் மிதிக்கத் தொடங்கியவர் எட்டரை நிமிஷத்தில் ஆண்டாள் கோபுரத்தின் கீழே நிற்பார். ஆடிப்பூரத்தன்று ஆயிரக்கணக்கானோர் வடம் பிடித்து, அங்குலம் அங்குலமாகத் தேரை நகர்த்திப் பெருமைப்படும் ஊரார் அவரை என்ன நினைப்பார்களோ, தெரியவில்லை!

டெபோரா மூட்டிய தீ அவரோடு நின்றுவிடவில்லை என்பதைச் சொல்லவே இவ்வளவு சுற்றி வந்தோம். அதே அந்தமான் நிக்கோபாரிலிருந்து ஈசோ ஆல்பன் என்ற பையன் வந்தான். 2018-ஆம் ஆண்டு, ஸ்விட்ஜர்லாந்தின் ஏகிள் நகரத்தில் நடந்த இளைஞர் உலகப் போட்டியில் 'கெய்ரின்' பந்தயத்தில் அவன் இறங்கினான். கெய்ரின் ஜப்பானியர் கண்ட பந்தயம். முதலில் ஒரு மோட்டார் சைக்கிள் வேகத்தைக் கூட்டிக்கொண்டே முன்னால் போகும். வீரர்கள் அதன் பின்னால் கோழிக்குப் பின் குஞ்சுகள்போல் வரிசையாகப் போவார்கள். மோட்டார் சைக்கிள் விலகியதும் கோழிக் குஞ்சுகள் பருந்துகளாகிவிடும். முழங்கையும் தோளும் இடித்துக்கொள்ளக் கடைசிக் கோட்டுக்குப் பாய்வார்கள். ஈசோ வெள்ளி பெற்றான். செக் நாட்டு வீரனிடம் தங்கத்தை இழந்தது 0.017 விநாடியில். கண் இமைக்க ஆகும் நேரத்தில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும்! உலக அளவிலான சைக்கிள் போட்டியில் பாரதம் பெற்ற முதல் பதக்கம் அது. மறு வருஷம், ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட் ஆன் டெர் ஓடரில், ஈசோவும் மணிப்பூரைச் சேர்ந்த ரொனால்டோ சிங், ரோஜித் சிங் இருவரும் சேர்ந்து, மூவர் குழுவாக ஓட்டும் வேகப் பந்தயத்தில் தங்கமே வென்றுவிட்டார்கள். கால்பந்து வீரரின் பெயரை மகனுக்கு வைத்த தகப்பனார், பிள்ளை சைக்கிளில் ஏறிப் புகழ் பெறுவான் என்று நினைத்திருக்க மாட்டார். 2022-ஆம் ஆண்டில் டில்லியில் நடந்த ஆசியப் போட்டியில் அதே ரொனால்டோ சிங் பெரியவர்கள் பிரிவில் வெள்ளி பெற்றார். இந்தியர் ஒருவர் அந்தப் போட்டியில் வெள்ளி பெற்றது அதுவே முதல் தடவை.

ஒலிம்பிக் மட்டும் இன்னும் கைக்கு எட்டவில்லை. 2024-ஆம் ஆண்டு பாரிஸிலும் சைக்கிள் பந்தயத்தில் இந்தியர் இல்லை. தனி மனிதன் கடிகாரத்தோடு மோதும் கதவு மூடப்பட்ட பிறகு, மற்றப் பந்தயங்களுக்குள் நுழைய வருஷக்கணக்காகத் தேசம் தேசமாகச் சென்று புள்ளி சேர்க்க வேண்டியிருக்கிறது. பணம் வேண்டும், குழு வேண்டும், தகராறில்லாத நிர்வாகம் வேண்டும். கால்பலம் ஒன்றை நம்பிப் பயனில்லை.

இனி நம் சாலைக்கு வருவோம். கார் நிக்கோபாரில் இருக்கும் சாலைகளைக் காட்டிலும் விருதுநகர் ஜில்லாவில் சாலைகள் மிகுதி. சைக்கிள்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதேயில்லை. பதினோராம் வகுப்பில் சேர்ந்த அரசுப் பள்ளி மாணவ மாணவியருக்குச் சர்க்கார் சைக்கிள் கொடுக்கத் தொடங்கி இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. குரங்குப் பெடல் போட்டுப் பழகி, முழங்காலில் தழும்பு வாங்கி, பிறகு தம்பியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு தினம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் மிதிக்கும் பிள்ளைகளுக்கு இங்கே குறைவில்லை. இல்லாதது சாய்ந்த ஓடுதளம். சென்னைக்கு அருகே மேலக்கோட்டையூரில், விளையாட்டுப் பல்கலைக்கழக வளாகத்தில் ஒன்று இருக்கிறது. அது இங்கிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல். மலைக்கு அந்தப் புறம், திருவனந்தபுரத்தை அடுத்த காரியவட்டத்தில் இன்னொன்று உண்டு. ராஜபாளையத்தைத் தாண்டித் தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவுக் கணவாய் என்று போகும் இதே சாலையைப் பிடித்தால் அங்கே போய்ச் சேரலாம்; தூரமும் சென்னைத் தூரத்தில் பாதிகூட வராது. நம் ஜில்லாப் பள்ளி ஆசிரியர் யாராவது கோடை விடுமுறையில் நாலு குழந்தைகளை அழைத்துப்போய், பிரேக் இல்லாத சைக்கிளையும் சுவர்போல் நிற்கும் பாதையையும் காட்டிவிட்டு வரலாகாதா?

அதற்கும் முன்னால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதற்குச் செலவே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், வண்டிப் போக்குவரத்து இல்லாத ஊர்ப்புறச் சாலையில் 500 மீட்டர் அளந்து, இரண்டு முனையிலும் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். ஒருவர் சைக்கிளின் பின்புறத்தைப் பிடித்துக்கொள்ளட்டும். ஒருவர் கோட்டருகே கடிகாரத்தோடு நிற்கட்டும். பின்னால் தம்பியை ஏற்றக் கூடாது. புத்தக மூட்டையும் வேண்டாம். சர்க்கார் சைக்கிளின் எடை பந்தய வண்டியைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும். ஆகையால் முப்பத்தைந்து விநாடியை யாரும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஒரு நிமிஷத்துக்குள் கோட்டைத் தாண்டும் பெண் குழந்தை எவளாவது இருந்தால், அவள் எந்தப் பள்ளியில் படிக்கிறாள் என்பதையும், எத்தனை விநாடி என்பதையும் ஒரு தபால் கார்டில் எழுதி நமக்கு அனுப்பி வையுங்கள்.